அவர் இறங்குற மாதிரி

— இது வேண்டாம்ணே. இந்தச் சைக்கிள்ல முன்னாடி மட்டுந்தான் ஸ்பிரிங் இருக்கு. என் வீட்டுக்காரர் வண்டியில பின்னாடியும் இருக்கும். அதே மாதிரி ஒண்ணு குடுங்க.

— அது பாறையில குதிச்சு இறங்குறவங்களுக்கும்மா. கனம் ஜாஸ்தி, ஏத்தத்துல உயிரை வாங்கிடும். உங்களுக்கு ஏத்தது இந்த லேசு வண்டிதான்.

— எனக்கு ஏத்தது வேண்டாம். அவருக்கு ஏத்ததுதான் வேணும். உங்களுக்கு விஷயமே தெரியாதா?

— போன சனிக்கிழமை ராத்திரி கடையைப் பூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போனவன்மா. இப்பத்தான் வந்து தொறக்கிறேன். என்னாச்சு?

— ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மலைக்குப் போறேன்னு கிளம்பினார். இன்னும் வரல. ஆறு நாளா ஆள் விட்டுத் தேடினாங்க. இன்னைக்குக் காலையில கயித்தைச் சுருட்டிக்கிட்டு இறங்கிட்டாங்க.

— மலைக்குன்னா சொன்னார்?

— வேற எங்க போவார்? தேடினவங்க பாதையோட பாதையா நடந்தாங்க. அவர் பாதையில போற ஆளா? வளைவுல பிரேக் பிடிக்க மாட்டார். கல்லு வந்தா சுத்திப் போக மாட்டார், தாண்டுவார். பத்து வருஷம் அவர் முதுகைப் பாத்தே ஓட்டினவ நான். அதே மாதிரி வண்டியில அதே வேகத்துல இறங்கினா, எங்க தடுமாறியிருப்பார்னு என் உடம்புக்கே தெரிஞ்சிடும்.

— பாருங்கம்மா, நீங்களும் விழுந்துடுவீங்க.

— விழுந்தா அவர் பக்கத்துலதானே விழுவேன்.

— அப்படியெல்லாம் பேசாதீங்க. மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— ஆறு நாளா தண்ணியில்லாம கிடக்கிறாரோ என்னவோ, நான் குடிக்கவா? அந்த மூலையில துணி போட்டு மூடியிருக்கே, அது ரெண்டு ஸ்பிரிங் வண்டிதானே?

— அதை விட்டுடுங்கம்மா.

— யாருக்காவது சொல்லி வச்சிருக்கீங்களா? நான் போய் அவங்க வாசல்ல நின்னு கேக்குறேன். ஒரு நாளைக்குக் குடுத்தாப் போதும்.

— யாருக்கும் சொல்லி வைக்கல. பாருங்கம்மா... யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். நானும் சரின்னுட்டேன். இப்படி ஊரே தேடும்னு எனக்கென்ன தெரியும்.

— யார் கேட்டா?

— அது உங்க வீட்டுக்காரர் வண்டிதாம்மா. சனிக்கிழமை சாயங்காலம் அதைக் குடுத்துட்டு, தார் ரோட்டுல நெடுந்தூரம் போற வண்டியா ரெண்டு எடுத்துக்கிட்டார். ரெண்டாவது வண்டிக்கு சீட்டு உயரம் பாக்க ஒரு பொண்ணும் அவர்கூட வந்திருந்துச்சு.