ரெண்டும் இடது பக்கம்

இல்லம்மா, முடியாதுன்னு நான் சொல்லவே இல்லியே. இந்த வாரத்துல இதே போட்டோவைத் தூக்கிட்டு வந்த பதினாலாவது ஆளு நீங்க, அதைத்தான் சொல்றேன். ஒரு பக்கம் கழுத்துலேர்ந்து தரை வரைக்கும் மூடி, இன்னொரு பக்கம் வெறும் ஊக்கா மாட்டி... போனைக் காட்ட வேணாம்மா, தெரியும். தைச்சவகிட்டயே காட்டுறீங்களே. நேரா நில்லுங்க. கையை லேசா தூக்குங்க. நேத்து ஒரு அம்மா வந்தாங்க, பேங்க்ல பெரிய அதிகாரியாம், பாத்தாலே எழுந்து நிக்கத் தோணும், அவ்ளோ கௌரவம். அவங்களுக்கும் இதேதான் வேணுமாம். ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு. எனக்குத் தலையே சுத்திடுச்சு.

தோள் பதினாலு... இருங்க, எழுதிக்கறேன்.

எல்லாம் எங்க அக்காவால வந்த வினைம்மா. கூடப் பொறந்தவதான். காலேஜ்ல பாடம் எடுக்கறா, மாதர் சங்கத்துக்குத் தலைவி. என்னைப் பாத்து வாயாடின்னு நினைச்சுக்கிட்டிருப்பீங்க, அவளைப் பாத்தீங்கன்னா என்னை ஊமைன்னுடுவீங்க. இந்த போட்டோவுல இருக்கற பாட்டுக்காரப் பொண்ணோட ட்ரெஸ்ஸைப் பத்தி பன்னெண்டு பக்கம் எழுதியிருக்கா. பன்னெண்டு பக்கம்! தைச்ச எனக்கே அதைப் பத்திச் சொல்ல அவ்ளோ விஷயம் இல்ல. மூடின பக்கம் பொண்ணுக்குச் சொந்தமாம், தெறந்த பக்கம் சந்தைக்கு வித்ததாம். உடனே இன்னொரு பத்திரிகையில இன்னொரு அம்மா, அப்படியெல்லாம் இல்ல, அது விடுதலை, அந்தப் பதினோரு ஊக்கும் பதினோரு ஆயுதம்னு எழுதறாங்க. எங்க அக்கா விடுவாளா? ஆயுதம் இல்ல, விலங்குன்னு டிவியில போய் உக்காந்துட்டா. ரெண்டு படிச்ச பொம்பளைங்க, நடுவுல ஒரு கோட்டு போட்ட ஆளு, மூணு பேரும் ஊக்கை எண்ணிக்கிட்டிருக்காங்க. ஏன் பதினொண்ணுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? டப்பாவுல அவ்ளோதாம்மா இருந்துச்சு.

சிரிக்காதீங்க, டேப் நகருது.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. தெறந்து கெடக்கு, தெறந்து கெடக்குன்னு ஊரே பேசுதே, எதுவுமே தெறக்கலம்மா. உள்ள தோல் கலர்ல லைனிங் இருக்கு. கழுத்து வரைக்கும். நானே கையால வெட்டித் தைச்சது. அந்தப் பொண்ணு முழுசா மூடிக்கிட்டுத்தான் நின்னுச்சு. இதைப் போய் யாருகிட்ட சொல்ல?

முன்னால அந்தப் பொண்ணுக்குத் தைச்சதெல்லாம் அதோட மேனேஜர் சொல்ற அளவு. 'ரெண்டு இஞ்ச் குறைங்கம்மா, இன்னும் ரெண்டு இஞ்ச் குறைங்க'ன்னு போன் மேல போன். துணி குறைஞ்சா வேலை குறையும்னு நினைக்கறாங்க. ஒரு சாண் துணி ஆடுற உடம்புல நழுவாம நிக்கணும்னா எத்தனை தையல் உள்ள ஓடணும் தெரியுமா? இந்தத் தடவை பொண்ணே நேரா வந்துச்சு, நீங்க நிக்கற இதே எடத்துல நின்னுச்சு. 'அக்கா, கழுத்து வரைக்கும் வேணும், முழுக்கை வேணும், தரையைத் தொடணும். ஒரே ஒரு தடவையாவது எல்லாரும் என் பாட்டைக் கேக்கட்டும்'னு சொல்லிச்சு. அதுவே உக்காந்து எழுதின பாட்டாம். இதுக்கு மேனேஜரோட ஆறு மாசம் மல்லுக்கட்டியிருக்கு, பாவம்.

திரும்புங்க. முதுகு பாக்கணும்.

என்ன கேட்டீங்க? அப்புறம் ஏன் இப்படி ஆச்சுன்னா... அதான் சொன்னேனே, எங்க அக்கா. நான் கத்தரியைக் கையில எடுக்கறேன், போன் பண்றா. 'அவளுக்குத் தைக்கறியே, வெக்கமா இல்ல?'ங்கறா. 'இந்தத் தடவை கழுத்து வரைக்கும் கேட்டிருக்குடி, வந்து பாரு'ன்னேன். உடனே கட்சி மாறிட்டா. 'மூடிக்கச் சொன்னது யாரு? யாருக்குப் பயந்துட்டா?'ங்கறா. எனக்கு வந்துச்சே கோவம். தெறந்தாலும் தப்பு, மூடினாலும் தப்புன்னா அது என்னதாண்டி போட்டுக்கும்? நீ இருபது வருஷமா அதே சாம்பல் கலர் சட்டையில திரியறியே, யாராவது கட்டுரை எழுதினாங்களான்னு கேட்டேன். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவுல, கை பாட்டுக்கு வெட்டுது.

பேட்டர்ன் பேப்பரை வெச்சு இடது பக்கம் வெட்டினா, அதைக் கவுத்துப் போட்டுத்தாம்மா வலது பக்கம் வெட்டணும். நேத்து வேலைக்குச் சேந்தவளுக்குக்கூடத் தெரியும். நான் கவுக்கல. போனை வெச்சுட்டுப் பாத்தா ரெண்டும் இடது பக்கம். கையும் ரெண்டு இடது கை. சாட்டின் துணி, ஒரு பக்கம்தான் பளபளப்பு, திருப்பிப் போட்டா வெளுத்த துணி மாதிரி இருக்கும். அந்தக் கலர்ல வேற துணியும் எங்கயும் இல்ல. அன்னிக்குச் சாயங்காலம் டிவியில காட்டற கச்சேரி, நாலு மணிக்கு வாசல்ல கார் வந்து நிக்குது. தப்பா வெட்டின பக்கத்தைப் பட்டை பட்டையா கிழிச்சு ஊக்கு மாட்டிக் குடுத்தனுப்பிட்டேன். பொம்பளை விடுதலைன்னு உலகமே பேசறது இதைத்தான்.

மேனேஜருக்குத் தலைகால் புரியலையாம், அவ்ளோ சந்தோஷம். ஏன் இப்படின்னு பேட்டியில கேட்டாங்க. 'டெய்லர் சொதப்பிட்டாங்க'ன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கலாம். சொல்லல. 'நான்தான் இப்படித் தைக்கச் சொன்னேன்'னுடுச்சு. என் பேரு கெட்டுடக் கூடாதாம். இப்ப ஏச்செல்லாம் அதுக்கு, ஆர்டரெல்லாம் எனக்கு.

மனசு கேக்காம போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன். எழுதிக்கிட்டிருந்த பேனாவை மூடி வெச்சா. ஆஹா, திருந்திட்டான்னு பாத்தா, 'தப்பா வெட்டினது நீ இல்லடி, உன் கை வழியா சமூகம் வெட்டியிருக்கு'ன்னு சொல்லிட்டுப் பேனாவை எடுத்துட்டா. பதிமூணாவது பக்கம்.

சமூகமாவது ஒண்ணாவது. வெட்டினது நான்தான்.

அந்தப் பொண்ணு என்னைத் திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும்மா. கச்சேரிக்கு மறுநாளே போன் பண்ணிச்சு. நான் மன்னிப்புக் கேக்க வாயைத் தெறக்கறேன், 'அதை விடுங்கக்கா, பாட்டு எப்படி இருந்துச்சு?'ங்குது. பாட்டு... டிவி முன்னாலதான் உக்காந்திருந்தேன். தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்கல. மூணாவது ஊக்கு தாங்குமா, ஏழாவது பிச்சுக்குமான்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். 'ரொம்ப நல்லா இருந்துச்சும்மா'ன்னேன். 'எந்த எடம்க்கா பிடிச்சுது?'ன்னு ஆசையா கேக்குது. எனக்கு வாய் வரல. எனக்குப் போய் வாய் வரல. அது 'சரிக்கா'ன்னு வெச்சுடுச்சு.

நீங்க கேட்டீங்களாம்மா? அந்தப் பாட்டைத்தான் கேக்கறேன். இந்தா, உங்க போன்லயே ஓடுதே, இதுதானே... இது இல்லையா? அந்தப் பொண்ணு மேடையில நடந்து வர்றதை மட்டும் வெட்டி, வேற யாரோ பாடினதை மேல ஒட்டியிருக்காங்களா? அட கண்றாவியே.

முழுசா எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்களேன். கையை எறக்கிடுங்க, அளவு எங்க போயிடப் போகுது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கெடைச்சுடுச்சா? இருங்க, ஃபேனை நிறுத்திடறேன், அது ஒரு பக்கம் கத்தும். படம் வேணாம்மா, போனைக் கவுத்து வைங்க. ம், அப்படித்தான். போடுங்க.

ஷ்... பேசாதீங்க.