குறட்டை கேட்கிற வரைக்கும்

பிப்ரவரி மாதம். சனிக்கிழமை ராத்திரி பத்தேகால். உறைந்த ஏரியின்மேல், வண்டி போகப் பனியை வழித்துப் போட்ட பாதை... கரையிலிருந்து இரண்டு மைல். பாதை முடிகிற இடத்தில் ஒற்றை மீன்குடிசை. பனிக்கட்டியில் துளை போட்டு, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுகிற மரப்பெட்டி, அவ்வளவுதான்.

இது என் சிநேகிதன் லோவெலின் அக்கா மகளுக்கு நடந்தது. மாரென் என்று பெயர். வயது பதினாறு. கதவுப்பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் இப்படி நெருங்கி உட்காருங்கள்.

மாரென், அவள் கூட்டாளி ப்ரிட்டா, இன்னும் இரண்டு பேர். நால்வரும் பள்ளி ஹாக்கி அணி. பெப்பர்மின்ட் வாசனை அடிக்கிற சரக்கு ஒரு பாட்டில். ப்ரிட்டா பந்தயம் கட்டிக் குடித்தாள். அரைமணியில் தரையில் சரிந்தாள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. ஸ்கூல் பையில் புத்தகங்களைத் திணித்து முதுகில் மாட்டி, ஒருக்களித்துப் போட்டுவிடுவார்கள். ப்ரிட்டாவையும் அப்படித்தான் போட்டார்கள். புரண்டு மல்லாக்க விழமாட்டாளாம், வாந்தி தொண்டையை அடைக்காதாம். எந்தப் புத்திசாலி சொல்லிக் கொடுத்தானோ... நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஆம்புலன்ஸக் கூப்பிடலாம்டி," என்றாள் மாரென்.

"லூசாடி நீ? கூடவே போலீஸும் வரும். நம்மள டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க. அடுத்த வாரம் ஃபைனல்ஸ்," என்றாள் மற்ற இருவரில் ஒருத்தி. "குறட்டை விடறா பாரு. அது கேக்கற வரைக்கும் ஒண்ணுமில்ல. நீ பாத்துக்க, விடிஞ்சதும் வர்றோம்."

அந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. காற்று எழும்பியது. பனி வந்து கதவை அடைத்தது. மாரென் தள்ளிப் பார்த்தாள், தோளால் இடித்தும் பார்த்தாள். அசையவில்லை.

ஈரக் கம்பளி வாடை. பெப்பர்மின்ட். வாந்திப் புளிப்பு. கர்ர்ர்... கர்ர்ர்...

பதினொன்றரைக்குக் குறட்டை நின்றது. மாரென் போனை எடுத்தாள். உடனே... கர்ர்ர். முன்னைவிடப் பலமாக. போனைக் கீழே வைத்தாள்.

ஒன்றரைக்கு மறுபடி நிசப்தம். நம்பரை அமுக்கப் போனாள். கர்ர்ர்.

மூன்று மணிக்கும் அப்படியே. போனைத் தொட்டால் குறட்டை. விட்டால் சத்தமே இல்லை.

ஒரு தடவை ப்ரிட்டாவைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே என்று லோவெல் பிற்பாடு கேட்டான். "பயமா இருந்துச்சு மாமா," என்றாள். பாவம், பதினாறு வயதுதானே.

ஆறு மணிக்குத்தான் தொட்டாள். விறைத்துக் கிடந்தாள் ப்ரிட்டா. அதன்பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

நள்ளிரவுக்கு முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். "உதவிக்குக் கூப்பிட்ட பிள்ளைமேல, குடிச்சதுக்குன்னு கேஸே போடமாட்டோமேம்மா," என்று ஷெரீஃப் தலையில் கைவைத்துக்கொண்டார். அது இவர்கள் யாருக்கும் தெரியாது.

அந்த போன் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். லோவெல் தன் காதாலேயே கேட்டான்.

"அவ செத்துட்டா," என்கிறாள் மாரென்.

"பதறாதம்மா, மூச்சு இருக்கு," என்கிறது எதிர்க்குரல். "குறட்டை எனக்கே கேக்குதே."

மாரென் மிக மெதுவாகச் சொல்கிறாள்.

"அது... அவகிட்டேர்ந்து வரல."