விசாலாக்ஷி பெயரில் உள்ள கடைகள்

காபியை ஆறவிடாதீர்கள், நிரஞ்சன். எதிர்க்கடையில் பால் நன்றாக இருக்கும், ஆனால் கொஞ்சம் விட்டால் ஏடு கட்டிவிடும். நியூஜெர்சியிலிருந்து ஓடி வந்து, பதின்மூன்று நாள் காரியத்தையும் முடித்துவிட்டு, ஒரு சீப்பு பழத்தோடு என்னைத் தேடி வந்து நன்றி சொல்கிறீர்கள். கடைசி நேரத்தில் உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவன் இந்தக் கிச்சாதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான்.

நன்றியோடு ஒரு கேள்வியும் கேட்டீர்கள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை சட்டைப் பையிலேயே இருந்தும் அப்பா ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று. நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது புரிய வேண்டுமானால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளியே போர்டில் பிரௌசிங் சென்டர் என்று போட்டிருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏசி, கச்சேரி ரோட்டில் இவ்வளவு சின்ன இடத்துக்கு இந்த வாடகையே அதிகம். ஆனால் என்னுடைய நிஜமான தொழில் பெயர் கண்டுபிடிப்பது. இன்டர்நெட்டில் கடை வைக்க எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. என்ன விற்பது, கடைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டு வருவார்கள். எல்லாம் விற்கிற கடை வேண்டாம், ஒரே ஒரு பொருளை, அது இல்லாமல் தவிக்கிற ஆட்களுக்கு விற்கிற கடை போதும் என்பேன். பரத நாட்டியத்துக்குச் சலங்கை. வீணைக்குத் தந்தி. கொலுவுக்குச் செட்டு பொம்மை. பெயர் சின்னதாக இருக்க வேண்டும். போனில் ஒரு தடவை சொன்னால் மறுமுனையில் இருக்கும் மாமி எழுதிக்கொள்ள வேண்டும்.

நல்ல பெயர் என்பது தை மாதத்துக் கல்யாண மண்டபம் மாதிரி. காலியாக இருக்கிறது என்று தெரிந்தவுடன் பிடித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினால் அந்த டாட் காம் பெயர் நம்முடையது, வேறு யாரும் எடுக்க முடியாது. அவ்வளவுதான் வேலை.

இங்கே வருகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. பெயர் காலியாக இருக்கிறது என்று திரையில் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், பிறகு நிமிர்ந்து காலண்டரைப் பார்ப்பார்கள். அப்பளக் கம்பெனி கொடுத்த தினசரிக் காலண்டர். ராகு காலம் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டியது நான்தான். முதல் தடவை தற்செயலாக நடந்தது. ஒருவர் ராகு காலத்தில் புதுக் கடைக்குப் பெயர் எடுக்க மாட்டேன், முடிந்ததும் வருகிறேன் என்று கோவிலுக்குப் போனார். அவர் போனதும் அந்தப் பெயரை என் மனைவி விசாலாக்ஷியின் பெயரில் எடுத்தேன். அவர் திரும்பி வந்ததும், அமெரிக்காவில் யாரோ முந்திக்கொண்டார்கள் என்றேன். அவர் நம்பினார். அமெரிக்கா என்றால் எதையும் நம்புகிறார்கள்.

அதற்குப் பிறகு ராகு காலத்தில் மட்டுமே பெயர் பார்க்க நேரம் கொடுத்தேன். யாராவது கவனிக்காமல் சரி என்று சொல்லிவிட்டால், "இப்ப ராகு காலம், உங்க இஷ்டம்" என்று ஞாபகப்படுத்துவேன். நான் யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை. காத்திருந்தது அவர்கள். யாரும் எடுக்காத பெயர் யாருடையதும் இல்லை. இதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

உங்கள் அப்பா ராஜகோபாலன் மாமா முதலில் உங்களுக்கு ஈமெயில் அனுப்பத்தான் வந்தார். டைப் அடிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். பிறகு தினமும் வர ஆரம்பித்தார். அவருக்கு வந்த மாதிரி யோசனைகள் எனக்கு வந்ததே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மாட வீதியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, இது அமெரிக்காவில் கிடைக்காது, அது அங்கே கிடைக்காது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதில் பாதி நல்ல கடை. சலங்கையும் வீணைத் தந்தியும் அவருடையவைதான். பெயர் போய்விட்டது என்று முகம் தொங்கிப் போகிறவர்களுக்கு அவரே வேறு பெயர் யோசித்துக் கொடுப்பார். அதுவும் நன்றாக இருக்கும். அதையும் எடுத்துவிடுவேன். அவர் வராத நாளில் கடை வெறிச்சென்று இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். நீங்கள் நம்ப வேண்டும்.

தனக்கென்று அவர் கேட்டது ஒரே ஒரு பெயர். போன வருஷம் உங்கள் அம்மா திதிக்கு அங்கே தர்ப்பை கிடைக்காமல், வீட்டுத் தோட்டத்துப் புல்லைக் கிள்ளி வைத்துச் செய்தேன் என்று போனில் சொன்னீர்களாமே. அதைச் சொல்லும்போது அழுதார். "அவன் சிரிச்சுண்டேதான்டா சொன்னான் கிச்சா. எனக்குத்தான் தாங்கலை. புல்லை வெச்சுண்டு அவன் அம்மாவுக்குப் பண்ணியிருக்கான்" என்றார். அன்றைக்குப் பிறந்ததுதான் திதிகடை டாட் காம். தர்ப்பை, கறுப்பு எள், பஞ்சாங்கம், எல்லாம் ஒரே பொட்டலமாக. நீங்கள் அங்கே ஆர்டர் வாங்குவது, அவர் இங்கே ஆத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டுவது. "இல்லேன்னா அவனும் நானும் பேசிக்க என்ன இருக்கு? சாப்டியா, குளிரா, அவ்வளவுதானே" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெயரைப் பார்த்தோம். காலியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் எடுக்கலாம் என்று அவரே சொல்லிவிட்டு கபாலீஸ்வரர் கோவிலுக்குப் போனார். வந்தபோது போய்விட்டிருந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு, பரவாயில்லை, எடுத்தவனும் யாரோ ஒரு பிள்ளைக்குத்தானே அனுப்பப்போகிறான் என்றார். மறுநாள் வந்து, நீங்கள் போனில் தைரியம் சொன்னதாகவும் சொன்னார்.

அந்தச் சமயத்தில் பம்பாய்க் கம்பெனி ஒன்று என்னிடம் இருந்த பெயர்களை மொத்தமாக விலைக்குக் கேட்டது. வில்லங்கம் எதுவும் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

இனி அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை. பத்தரை மணிக்கு மேல் இருக்கும். மாமா அந்த நாற்காலியில் இருந்தார், இப்போது நீங்கள் இருப்பதில். அஃப்சருன்னிசா என்று ஒரு பெண் வந்தாள். தி.நகரில் அவர்கள் வீட்டில் ஜரிகை வேலை செய்த கல்யாணத் துப்பட்டா தைக்கிறார்கள். பெயரோடு வந்திருந்தாள். பார்த்தேன், காலியாக இருந்தது. பழக்கதோஷத்தில் காலண்டரைக் காட்டி, பன்னிரண்டு மணிக்கு வரலாமே என்றேன்.

"எங்களுக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு சார்? இப்பவே போட்டுடுங்க. வாப்பா பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு" என்றாள்.

மாமா பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. அனுப்பினேன். பெயர் அவளுக்குக் கிடைத்தது. மாமாவுக்கும் சேர்த்து சலாம் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் இல்லையா.

"கிச்சா, காத்துண்டிருந்தவா பேரெல்லாம் போயிடுத்து. காத்துண்டிருக்காதவ பேரு கிடைச்சுடுத்து. அது எப்படிடா?"

அதோடு அவர் விடவில்லை. ஒரு பெயர் யாரிடம் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாமே, நிரஞ்சன் சொன்னான், திதிகடையைப் போட்டுக் காட்டு என்றார். அந்த வசதியை நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ போட்டுக் காட்டினேன். விசாலாக்ஷி என்றும், எங்கள் வீட்டு முகவரியும் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. "நம்ம விசாலமா" என்று மட்டும் கேட்டார். அவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். பிறகு சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம். இதை நிரஞ்சன் பேருக்கு மாத்திக் குடுத்துடு. மத்தவா கிட்டயும் சொல்லணும்டா. பாவம், எல்லாரும் ஆசையா வந்தவா."

முதலில் கேட்டதைக் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டாவதுதான் முடியாத காரியம். எல்லோரிடமும் சொன்னால் பம்பாய்க்காரர்கள் விலகிவிடுவார்கள். அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மாத்திரை டப்பாவை எடுத்தார். டப்பா நழுவி என் மேஜைக்கு அடியில் உருண்டு வந்தது. எடு என்று கையைக் காட்டினார். நான் அதன் மேல் செருப்புக் காலை வைத்துக்கொண்டேன். மிதிக்கவில்லை, சும்மா வைத்துக்கொண்டேன். அவர் பார்த்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்தது.

"டாக்டர்" என்றார்.

"ராகு காலம் முடியட்டும் மாமா" என்றேன்.

கேலியாகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் டிரைவர் அம்மாசி பேப்பர் படித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. எட்டிக் கூப்பிட்டால் போதும். நான் பம்பாய்க்கு ஒரு ஈமெயில் அடிக்க ஆரம்பித்தேன். இடையில் ஒரு தடவை உங்கள் பெயரைச் சொன்னார். பிறகு எதுவும் சொல்லவில்லை.

பன்னிரண்டு அடித்ததும் குனிந்து டப்பாவை எடுத்துத் துடைத்து அவர் சட்டைப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அம்மாசியைக் கூப்பிட்டேன். அவன் வந்து தூக்கும்போதே கை வைத்துப் பார்த்துவிட்டான்.

"இன்னா சார், உடம்பு ஜில்லுனு கீது. எப்போலேர்ந்து இப்டி கீறாரு?"

"இப்பத்தான்" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஆக, மாத்திரை பையில் இருந்ததற்குக் காரணம் நான். அவர் போட்டுக்கொள்ளாததற்கும் நான்தான். வயசு, பழைய இதய நோய் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். பயமோ துக்கமோ வரும் என்று இந்த இரண்டு வாரமும் எதிர்பார்த்தேன். வரவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூக்கமும் வருகிறது. விசாலாக்ஷிதான் உங்கள் அப்பாவை நினைத்து நினைத்து அழுகிறாள். அவள் பெயரில் இத்தனை கடை இருப்பது அவளுக்குத் தெரியாது.

எழுந்துவிட்டீர்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்தில்தான், நடந்தே போகலாம். நான் எங்கும் ஓடமாட்டேன். போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பம்பாய்க்கு மற்றப் பெயர்களை எல்லாம் கொடுத்துவிட்டேன், திதிகடையை மட்டும் கொடுக்கவில்லை. அவர்கள் விடாமல் கேட்கிறார்கள். உங்கள் அப்பா ஆசைப்பட்டது, அது பிள்ளைக்குத்தான் போக வேண்டும் என்று ஒரு முடிவோடு வைத்திருக்கிறேன். எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது, நிரஞ்சன். பம்பாய்க்காரர்கள் சொன்ன விலையை உங்களிடம் கேட்க மாட்டேன், பார்த்துப் போட்டுக் கொடுங்கள்.