எதற்கும் சரி சொல்லும் டம்மி

டீ ஆறுகிறது, குடியுங்கள் சார். யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. என் வேலையே காத்திருப்பதைக் குறைப்பதுதான்.

எங்கள் கம்பெனி மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறது. படுக்கைக்கு ஒரு சர்வீஸ், பில்லுக்கு ஒன்று, இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒன்று. இப்படிச் சின்னச் சின்னப் புரோகிராம்கள் நிறைய. புது வெர்ஷன் வந்தால் எல்லாவற்றையும் தனியே ஓரிடத்தில் ஓடவிட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைச் சூழலை அக்கா கையாலேயே தயார் செய்வார். டெஸ்டிங்கில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. அதுவரை நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம்.

நான் அதைத் தானியங்கியாக்கினேன். ஒரு பட்டனைத் தட்டினால் போதும். ஒவ்வாமை பார்க்கும் சர்வீஸ் மட்டும் சண்டித்தனம் செய்தது. அதன் இடத்தில் ஒரு டம்மியை வைத்தேன். எதைக் கேட்டாலும் 'சரி' என்று சொல்லும். சோதனை எல்லாம் பச்சை, அதாவது பாஸ். மேனேஜர் கை தட்டினார்.

"என்ன தம்பி, பென்சிலின் ஆகாதவங்களுக்கும் சரிங்குது? இது சர்வீஸா, தலையாட்டி பொம்மையா?" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"ரிலீஸுக்கு முன்னாடி எடுத்துடறேன்க்கா."

எடுத்துத்தான் பார்த்தேன் சார். நிஜ சர்வீஸை வைத்ததும் சிவப்பு. புது வெர்ஷன் கேட்பது அதற்குப் புரியவில்லை. அது பதில் சொல்லாதபோது, டாக்டர் மருந்து எழுதும் திரை 'சரி' என்றே எடுத்துக்கொண்டது. மறுநாள் ரிலீஸ். சோதனையில் டம்மியைத் திரும்ப வைத்தேன். பச்சை. ரிலீஸும் ஆகிவிட்டது.

சில வாரம் கழித்து அக்கா போன் செய்தார். வீட்டுக்காரரை அட்மிட் செய்திருந்தார். எங்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனைதான்.

"தம்பி, அவருக்குப் பென்சிலின் ஆகாது. அட்மிஷன்ல சொன்னேன், சிஸ்டத்துல ஏத்திட்டாங்க. இருந்தாலும் நைட் இங்கயே இருந்து நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடவா? இல்ல, நம்ம சிஸ்டமே தடுத்துடுமா? நீதான் சரி பண்ணிட்டேல்ல?"

அன்றைக்குத்தான் என்னை டீம் லீடாக அறிவித்திருந்தார்கள். கேக்கை வெட்டாமல் எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பண்ணிட்டேன்க்கா. நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்குங்க."

அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி அவர் வீட்டுக்காரருக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். திரை தடுக்கவில்லை. விடிவதற்குள் அவர் உயிர் போய்விட்டது.

ஆமாம் சார், தெரிந்துதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அந்த ஒரு ராத்திரியாவது அக்கா நிம்மதியாகத் தூங்கினார். அது என்னால்தான்.