நாற்பத்திரண்டு பெட்டிகள்

அவையைத் தாங்கும் தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, மின்விசிறி பார்த்து இடம்பிடித்த தாய்மார்களே, வணக்கம்.

பேச்சிழந்தவர்கள் மீண்டும் பேசப் பழகும் கையேடு இது. பேச்சுப் பயிற்சி ஆசிரியையின் நான்காண்டு உழைப்பு. நாற்பத்திரண்டு பாடம், பாடத்துக்கு ஓர் ஒலிக்குறி, அதாவது ஓர் ஒலியை எப்படி உச்சரிப்பது என்று காட்டும் குறி. தலைகீழாய் நிற்கும் குறி, வால் முளைத்த குறி, கொக்கி மாட்டிய குறி. கணினிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண் இருந்தால் போதுமா? அதற்குரிய உருவம் அச்சகத்து எழுத்துருவில் இருக்க வேண்டாமா? இல்லை. இல்லாத இடத்தில் என்ன வந்தது? வெறும் பெட்டி வந்தது.

யாருமே பார்க்கவில்லையா என்று அங்கே ஓர் அண்ணன் கேட்கிறார். பார்த்தார்கள் ஐயா. முப்பதாண்டாக மெய்ப்பு பார்ப்பவர், அளவுகோல் வைத்துப் பார்த்தார். 'மூணாவது பெட்டி எறங்கியிருக்கு, ஏத்துங்க' என்று ஓரத்தில் எழுதி, அத்தனையும் நேராக்கி, கையெழுத்தும் போட்டார். நூறு பிரதி அச்சானது.

ஆசிரியை அச்சகத்தில் பிரித்துப் பார்த்தபோது, செய்திக்காகப் போன நானும் அங்கே இருந்தேன்.

"என்ன சார் இது? நாலு வருஷமா பெட்டியா செஞ்சேன்?"

"உங்க டிசைன்னு நெனச்சேன்மா. ஒண்ணுகூட கோணல் இல்ல, பாத்துக்குங்க" என்றார் மெய்ப்பு பார்ப்பவர்.

"இத வெச்சுப் பழகுறவங்க வாயில என்ன வரும்?"

"சதுரமா வரும்" என்றார் அச்சு இயந்திரம் ஓட்டுபவர்.

விழாவுக்கு இரண்டே நாள். மறுபடி அச்சிடக் காகிதம் இல்லை. "அப்ப விழாவே வேணாம்" என்று ஆசிரியை பையை எடுத்துவிட்டார்.

மெய்ப்பு பார்ப்பவர் எழுந்தார். "பேனா குடுங்க. உள்ள என்ன இருக்கணும்? சொல்லுங்க, நான் நிரப்புறேன்."

"குறி மாறிடும் சார். ஒவ்வொண்ணையும் சொல்லிச் சொல்லி எழுதணும்."

மெய்ப்பு பார்ப்பவர் சொன்னார். சோறு கொண்டுவந்த அவர் மனைவி சொன்னார். இயந்திரம் ஓட்டுபவர் சொன்னார். உறுமினார்கள், சீறினார்கள், மூக்கால் முனகினார்கள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்காவது ஒடம்பு முடியலையா?" என்றார்.

நூறு பிரதி, நாலாயிரத்து இருநூறு பெட்டி. ஒன்றுகூடக் கோணவில்லை, ஆகவே ஒரு குறிகூட வெளியே வழியவில்லை. கடைசிக் குறியை எழுதியதும் அவர் மனைவி சொன்னார்: "முப்பது வருஷமா ஊரார் பெட்டிய நிமித்தி வெச்சீங்க. இன்னிக்குத்தான் உள்ள என்ன இருக்கணும்னு கேட்டீங்க."

கேட்டாரே, அதுதான் பெரிது. அவர் கேட்டதால் நாளை நூறு பேர் வாய் திறப்பார்கள். முதல் பிரதியை அவரே பெறுகிறார்.

கடைசியாக ஒன்று. தலைவரின் பெயரைச் சொல்லாமல் தொடங்கியதைப் பொறுத்தருள்க. பிழையின்றி உச்சரிக்க வேண்டுமென்று ஆசிரியை அதை ஒலிக்குறிகளில் எழுதித் தந்திருந்தார். இந்த நிகழ்ச்சி நிரலும் அதே அச்சகத்தில்தான் அச்சானது. என் தாளில் ஐந்து பெட்டிகள் இருக்கின்றன.

ஐந்தும் நேராக இருக்கின்றன. நன்றி, வணக்கம்.