வரவேற்புப் பொத்தானும் வீரையனின் நாற்றங்காலும்

பெயர் ஜெய்னுலாபுதீன், வயது 58, த/பெ மர்ஹூம் முகம்மது காசிம், வடக்குத் தோப்புத் தெரு, கூத்தாநல்லூர், திருவாரூர் மாவட்டம். படிப்பு ஒன்பதாம் வகுப்பு, பரீட்சை எழுதவில்லை. தொழில், குவைத்தில் நான்கு வருடம் லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன், தற்சமயம் என் சகோதரி வீட்டின் மேற்பார்வை.

நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். இது இப்படித்தான் ஆகும் என்று ஒரு வருடத்துக்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். வீட்டுச் சாமான்கள் எல்லாம் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காலம் வரும், அவை பேசுவது வயல் வரைக்கும் கேட்கும் என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன். அன்று சிரித்தவர்கள் இன்று என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்கள்.

எங்கள் குடும்ப நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் வீரையன் என்பவர், குடவாசலைச் சேர்ந்த சுடர்விழி, வயது 27, என்பவர் வயல் மோட்டாரை ஓடவிட்டுத் தன் நாற்றங்காலை நாசம் செய்துவிட்டதாகக் கொடுத்த புகார் மனு சம்பந்தமாக இன்று 24.06.2025 நிலையத்தில் ஆஜராகி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுடர்விழியின் போனும் லேப்டாப்பும் நேற்று முதல் நிலையத்தில் இருப்பது எனக்குத் தெரியும். திருவாரூரில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு நான்கு மாடிக் கட்டிடத்தில் அவருக்கு வரவேண்டிய வேலையை, இந்த மனு முடியட்டும் என்று அந்தக் கட்டிட இன்ஜினியர் நிறுத்தி வைத்திருப்பதும், வியாழக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும்.

என் மூத்த சகோதரி சைத்தூன் பீவியை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். அவருடைய மூத்த மகன் ஷேக் பரீத் குவைத்திலும், இளையவன் அஸார் சிங்கப்பூரிலும், மருமகன் துபாயிலும் இருக்கிறார்கள். லாத்தா புது வீடு கட்டியபோது மூவரும் ஆளுக்கொரு சாமான் அனுப்பினார்கள். யார் அனுப்பியதையும் பிரிக்காமல் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வைத்தால் அனுப்பியவர் வீடியோ காலில் வந்து, “என் சாமான் எங்கம்மா, கண்ணுல காணோம்?” என்று கேட்பார், அதன் பிறகு லாத்தாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

பரீத் அனுப்பிய விளக்குகளும் ஃபேன்களும் வைஃபையில் மட்டும் பேசும். அஸார் அனுப்பிய கதவுப் பூட்டும் திரைச்சீலை மோட்டார்களும் ஜிக்பீ என்ற முறையில் பேசும். மருமகன் அனுப்பிய ஏசி பெட்டிகளுக்குத் தனி ஆப். ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாது. லாத்தா மூன்று போன் வைத்திருந்தார். எந்த போனில் எந்த ஜன்னல் என்று தேடி, கடைசியில் எழுந்துபோய்த் திரையைக் கையாலேயே இழுத்துவிடுவார்.

அதன் பிறகு சென்ற மார்ச் மாதம், இப்படிப்பட்ட சாமான்களை ஒன்றோடொன்று இணைத்துக் கொடுக்கும் தொழில் செய்யும் சுடர்விழி வந்தார். ஸ்கூட்டரில் ஒரு பையும் ஒரு மடக்கு ஏணியும்தான் இருந்தன. முதல் நாள் அவர் எதையும் கழற்றவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியும் கீழுமாக நடந்து, எந்தச் சுவரில் அலை குறைகிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார். அதன் பிறகு என்னிடம், “அங்கிள், ஒண்ணும் கெட்டுப்போகல. இது பேசுற பாஷ அதுக்குத் தெரியல, அவ்ளோதான்” என்றார்.

நான் உடனே விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். வைஃபை என்றால் ஒவ்வொரு சாமானும் நேரே ரூட்டரிடம் போய் நிற்கவேண்டும், ஜிக்பீ என்றால் நாற்றுக்கட்டைக் கைமாற்றிக் கைமாற்றிக் கடைசி வயலுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு சாமான் வாங்கி அடுத்த சாமானிடம் கொடுக்கும், அப்படித்தானே என்று கேட்டேன். அவர் அசந்துபோய், “அங்கிள், இத எங்க படிச்சீங்க?” என்றார். குவைத்தில் பதினெட்டு மாடி அரண்மனை ஒன்றில் 1994ஆம் வருடமே இதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்றேன். வருடத்தைச் சரியாகச் சொல்லும்படி ஆய்வாளர் கேட்டதால் 1998 என்று திருத்திச் சொல்கிறேன்.

மாடிக் கதவுப் பூட்டு மட்டும் அடிக்கடி தொடர்பு விட்டுக்கொண்டிருந்தது. வைஃபையும் ஜிக்பீயும் ஒரே அலைவரிசையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்வதை சுடர்விழி கண்டுபிடித்து, வைஃபைக்கு வேறு சேனல் நம்பர் போட்டு, ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்தார். நான்கு ஆள் தூக்கும் அந்த பீரோவை நான் ஒருவனாகவே நகர்த்திக் கொடுத்தேன்.

அதன் பிறகு சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கூடத்தில் வைத்தார். பல நாட்டுக் கம்பெனிகளும் கூடி மேட்டர் என்று ஒரு பொது முறையை ஒப்புக்கொண்டிருப்பதாகவும், அதற்குக் கட்டுப்பட்ட சாமான்கள் நேரே சேர்ந்துகொள்ளும் என்றும், கட்டுப்படாத பழைய சாமான்களுக்கு இந்தப் பெட்டி நடுவில் நின்று எடுத்துச் சொல்லும் என்றும் விளக்கினார். நெட் போனாலும் வீட்டுக்குள் எல்லாம் ஓடும் என்று சொல்லி, எங்கள் கண் முன்னால் நெட் வயரைப் பிடுங்கிக் காட்டினார். குவைத் விளக்கு எரிந்தது, சிங்கப்பூர் திரை விலகியது, துபாய் ஏசி ஓடியது. ஒரு சுவரைக்கூட உடைக்கவில்லை. அன்று லாத்தா மூன்று போனில் இரண்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சுடர்விழிக்குத் தன் கையால் முட்டை வட்லப்பம் அவித்துக் கொடுத்தார். என் அனுபவத்தில் குவைத்திலும் இப்படி ஒரு வேலைக்காரியை, அதாவது வேலை தெரிந்தவரை, பார்த்ததில்லை.

அதன் பிறகு பரீத், தான் வாங்கிப் போட்ட வயல் மோட்டார் ஸ்டார்ட்டரும் அதே போன் திரையில் தெரியவேண்டும் என்று கேட்டான். வயல் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், வீட்டு அலை எட்டாது. சுடர்விழி ஸ்டார்ட்டரில் உள்ள சிம் கார்டு வழியாக அதையும் பெட்டியோடு இணைத்து, வயல் என்று பெயர் வைத்தார்.

சென்ற 21.06.2025 சனிக்கிழமை லாத்தாவின் கடைசி மகள் தஹ்மீனாவைப் பெண் பார்க்க முத்துப்பேட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அன்று காலை நான் என் போனில் வரவேற்பு என்று ஒரு பொத்தானை உண்டாக்கினேன். அதை ஒரு தடவை அழுத்தினால் வீட்டில் உள்ளது எல்லாம் ஒன்றாக இயங்கும். அதன் பிறகு மாலை 3.50 மணிக்கு சுடர்விழி எனக்கு போன் செய்து, “அங்கிள், நான் இங்கேர்ந்தே வயல் மோட்டார டெஸ்ட் பண்ணப் போறேன்” என்றார். நாற்றங்கால் இருக்கிறது, வேண்டாம் என்று நான் எச்சரித்தேன்.

அதன் பிறகு 4 மணி சுமாருக்கு இரண்டு காரில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். கேட் தானாக விலகியது. வாசல் கதவு திறந்தது. ஏழு ஜன்னல் திரைகளும் ஒரே நேரத்தில் விலகின. விளக்கு, ஃபேன், ஏசி, முற்றத்து நீரூற்று எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. மூன்று நாட்டுச் சாமான் ஒரு மூச்சில் எழுந்து நின்று மரியாதை செய்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் செருப்பைக் கழற்ற மறந்து, “மாஷா அல்லாஹ், யாருங்க இதெல்லாம் செஞ்சது?” என்று கேட்டார். “நாந்தாங்க. ஒத்தாசைக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு” என்றேன். மாப்பிள்ளையின் தாயார், “எங்க வீட்ல ஒரு ஃபேன் ஓடுறதுக்கே நாலு தட்டு தட்டணும். பொண்ணோட சேத்து மாமாவையும் அனுப்பி வைங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து லாத்தா, “ரெண்டு நாள்ல திருப்பி அனுப்பிருவீங்க” என்றார்.

அதன் பிறகு 6.45 மணிக்கு வீரையன் முழங்கால் வரை சேற்றோடு வந்தார். வரவேற்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் கேட் அவருக்கும் தானாகத் திறந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, “பாய், மோட்டார யாரு போட்டது?” என்று கேட்டார். பத்து மா நிலத்தின் நடவுக்கு வேண்டிய முளைகட்டிய விதையை அவர் வியாழக்கிழமை தெளித்திருந்தார். வேர் மண்ணைப் பிடிப்பதற்காக அன்று மதியம் தண்ணீரை வடித்துவிட்டு, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. “வெத பூராவும் மெதந்து ஒரு மூலைல ஒதுங்கிக் கெடக்கு, பாய். கையால அள்ளலாம்” என்றார். அவர் கையில் ஒரு பிடி விதை இருந்தது, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை இருந்தது. நான், “குடவாசல் பொண்ணு டெஸ்ட் பண்றேன்னு போன் பண்ணுச்சு, நான் வேணாம்னு சொன்னேன்” என்று சொன்னேன். அவர் விதையைக் கீழே போடாமல் அப்படியே மடியில் கட்டிக்கொண்டு போனார். நான் சொன்னதைக் கொண்டே அவர் மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று நான் நிலையத்துக்கு வந்தபோது சுடர்விழி தன் தாயாரோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, “அங்கிள், வரவேற்பு பட்டன் போட்டீங்களாமே, வேல செஞ்சுச்சா?” என்று கேட்டார். நன்றாக வேலை செய்தது என்றேன். “மாடித் திர ரெண்டும் ஒரு செகண்டு பிந்துமோன்னு நெனச்சேன்” என்றார். இல்லையம்மா, ஏழும் ஒன்றாகவே விலகியது என்றேன். அவர் தாயாரிடம், “பாத்தியா?” என்றார். அதன் பிறகு ஏட்டு கூப்பிட்டதால் உள்ளே வந்துவிட்டேன்.

இதுவரை சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 3.50 மணி அழைப்பை என் போனில் காட்டும்படி ஆய்வாளர் கேட்டார். போனைக் கொடுப்பதற்கு முன் பின்வருவதையும் எழுதிக்கொள்ளும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை பொத்தானை உண்டாக்கியபோது வயல் என்பதையும் அதில் சேர்த்தது நான். அஸாருடையதும் மருமகனுடையதும் எல்லாம் இருக்க, பரீத் வாங்கிப் போட்டதில் ஒன்று மட்டும் விட்டுப்போனால் அவன் கேட்பான் என்று சேர்த்தேன். வயல் என்ற பெயருக்குப் பக்கத்தில் சுடர்விழி சிவப்பு அடையாளம் வைத்து, இது வீட்டுச் சாமான் அல்ல, வீரையனைக் கேட்காமல் தொடக் கூடாது என்று தமிழில் எழுதியிருந்தார். சேர்க்கவா என்று போன் என்னை இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆம் என்று அழுத்தினேன். வெள்ளைப் பெட்டியின் பதிவில் 4.02 மணிக்கு ‘சீஃப் இன்ஜினியர் ஜெய்னு’ என்ற பெயர் இருக்கும். அது என் போனுக்கு நான் வைத்த பெயர். சுடர்விழி செய்த வேலையில் ஒரு குறையும் கிடையாது. நான் சொன்னதைப் பெட்டி அப்படியே செய்தது.

வீரையன் வந்து கேட்டபோது மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். சுடர்விழியின் போனையும் லேப்டாப்பையும் இன்றே அவரிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வீரையனிடமும் முத்துப்பேட்டைக்காரர்களிடமும் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். 3.50 மணிக்கு எனக்கு எந்த போனும் வரவில்லை. அது நான் இட்டுக்கட்டியது.

அந்த ஒன்று நீங்கலாக மேலே எழுதியிருப்பது என் வாயால் சொன்னபடியே எழுதப்பட்டது, யாருடைய கட்டாயமும் இல்லை, வாசிக்கக் கேட்டுச் சரியென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கா. ஜெய்னுலாபுதீன்
24.06.2025, பகல் 12.40 மணி