காயாத துணிப் பாட்டு

மேடையில் பாடுகிறவர்களின் மைக்கை யாராவது கழுவுகிறார்களா என்று யாரும் யோசிப்பதில்லை. நான் கழுவுவேன். மேலே உள்ள கம்பி வலையைக் கழற்றினால் உதட்டுச் சாயமும் காய்ந்த எச்சிலும் பாசி மாதிரி அப்பிக் கிடக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அந்த நாற்றத்தை முகர்ந்தவனுக்கு மனிதர்களின் வாய்மேல் பெரிய மரியாதை மிஞ்சாது.

அன்று மேடையில் நடந்ததைக் கருவிக் கோளாறு என்று உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், சார். அதைத் திருத்தத்தான் வந்தேன். என் கருவிகளில் கோளாறு வராது.

அந்த இசைக்குழுவுக்கு முதல் நாளிலிருந்து சவுண்ட் பார்த்தவன் நான். பாடுகிறவளைக் குருவி என்று கூப்பிடுவோம். டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய தம்பி. ஊருக்குத் தெரிந்தது பிஸ்கட் விளம்பரத்துக்குப் போன அவர்களுடைய ஒரே ஒரு பாட்டு. அது தொடங்கினால் போதும், அரங்கமே வாயைப் பிளந்துகொண்டு கத்தும். முன்வரிசையில் எவனாவது எதையாவது மென்றுகொண்டே பாடுவான். துணுக்குகள் மேடை விளிம்பில் வந்து விழும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவர்களுடைய நல்ல பாட்டுகள் வேறு. எந்த ஆல்பத்திலும் சேராமல் தனித்தனியாக வெளிவந்து, சீந்துவாரில்லாமல் கிடந்தவை. ஆளில்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தத்தைப் பற்றி ஒன்று உண்டு. எல்லாவற்றிலும் மேலானது காயாத துணிப் பாட்டு. ஒருத்தி வீட்டைவிட்டு ஒரேயடியாகக் கிளம்பப் போகிறாள். உருப்படியான உடை ஒன்றுதான் இருக்கிறது. மழை விடவில்லை, உடை காயவில்லை. அவ்வளவுதான் கதை. இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் அரைத் தட்டு பிந்தி நுழையும். பதிவின்போது தம்பி செய்த தப்பு அது. திரும்ப வாசிக்கிறேன் என்றான். "விடுடா, அவ வாசப்படியில தயங்கி நிக்கிற மாதிரி இருக்கு" என்றேன். அந்தத் தயக்கம்தான் அந்தப் பாட்டின் உயிர். அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஊரே அதைக் கேட்க வேண்டும் என்று பாடாய்ப் பட்டேன். வேன் டிரைவர், டிக்கெட் கிழிப்பவர், பல் பிடுங்கிய டாக்டர், யார் சிக்கினாலும் உட்கார வைத்துக் கேட்க வைத்தேன். என் மைத்துனன் பாதியிலேயே, "தூக்கம் வருது மச்சான்" என்றான். அவனோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டேன். குருவியையும் நச்சரித்தேன். "அண்ணா, அதப் பாடினா ஜனங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்பாள்.

என் வேலையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாடும்போது அவள் இரண்டு காதுக்குள்ளும் சின்னக் கருவி இருக்கும். அதில் எது கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பது மேடையோரம் இருக்கும் என் கையில். சத்தம் அளவு மீறாமல் தடுக்க ஒரு பூட்டு உண்டு. அதை நீக்க இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கை தவறி நீங்காது. கருவிகளைச் சோதிக்க ஒரு கீச்சொலியும் என் ஒலிப்பலகைக்குள்ளேயே இருக்கிறது. அன்று அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே நான் பூட்டை நீக்கினேன். கீச்சொலியை அவள் காதுக்குத் திருப்பினேன். முழுதாக ஏற்றினேன்.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கருவியைப் பிடுங்கத் தோன்றாமல் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தினால் இன்னும் உள்ளேதான் அழுந்தும். மூக்கு ஒழுகி உதட்டில் இறங்கியது. பார்க்கச் சகிக்கவில்லை. தம்பி ஓடிவந்து பிடுங்கியபின்தான் நான் ஒலியைக் குறைத்தேன். இடது காது போய்விட்டதாம். வலது காதில் அந்தக் கீச்சு மட்டும் நிற்காமல் கேட்கிறதாம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணா, மெஷின்தானே" என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. கையைக் கழுவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பிஸ்கட் பாட்டின்மேல் எனக்கிருந்த வெறுப்பு என்று நினைப்பீர்கள். அன்று அதை அவள் பாடவே இல்லை. "எங்க சவுண்டு அண்ணா ரொம்ப நாளா கெஞ்சிக்கிட்டே இருந்த பாட்டு இது, இன்னைக்கு அவருக்காக" என்று சொல்லிவிட்டுக் காயாத துணிப் பாட்டைத் தொடங்கினாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. நான் கேட்க வைத்தவர்கள் வேறு யார் யாரையோ கேட்க வைத்திருக்கிறார்கள். முன்வரிசை சேர்ந்து பாடியது, பிறகு பின்வரிசை. எனக்கு மட்டுமே தெரிந்திருந்த, டிரம்ஸ் பிந்தும் அந்த இடத்தில் அரங்கம் முழுவதும் அரைத் தட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அத்தனை வாய்களிலும் அது ஊறிக்கொண்டிருந்தது.

தப்பாகப் பாடியிருந்தால் பொத்தான்களிலிருந்து கையை எடுத்திருப்பேன், சார். ஒரு சொல்கூடப் பிசகாமல் பாடினார்கள்.